ஓடைப்பட்டிக்குப் போன படகு கார்

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஓடைப்பட்டியைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே நின்ற ஒற்றை பம்ப்செட் அறை அது. மருந்துக்கு மயில்துத்தம் அடித்த இலைகள் நீலம் பூத்துக் கிடந்தன. வாசலில் கட்டிய கொடிக்கயிற்றில் மஞ்சள் சுடிதார் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அது நான் வாங்கிக் கொடுத்தது. அலுமினியச் சட்டியிலிருந்து கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் உள்ளே போய் கேஸை அணைத்தேன்.

"எஸ்தரு" என்று கூப்பிட்டேன். "அப்பா வந்துருக்கேன் ஆத்தா."

பந்தலுக்குள் எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. வேறு சத்தம் இல்லை.

என் ஒரே மகள் வீட்டை விட்டுப் போய் அன்றைக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அவளைத் திருப்பிக் கூட்டிப் போகத்தான் வந்திருந்தேன். அவளை மட்டும் அல்ல, அவள் கட்டிக்கொண்டவனையும் சேர்த்து. வாசலில், கழுவித் துடைத்து, முன்னால் ஒரு முழம் மல்லிகை கட்டி, என் கார் நின்றது.

கம்பெனி பெயர் வேண்டாம்

தேனி வாசகர்கள் சிலர் பல வாரமாகக் கேட்கிறார்கள். "கடையைப் பற்றி எழுதினீர்கள், லாரிக்காரர்களைப் பற்றி எழுதினீர்கள், அந்தப் படகு காரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் கார்ப் பித்தர்கள் கடிதம் போட்டுத் திருத்துவார்கள். அமெரிக்காவில் செய்த வண்டி. எட்டு சிலிண்டர். பதினெட்டு அடி நீளம், ஆறரை அடி அகலம். மேலே பால் வெள்ளை, கீழே கடல் பச்சை. பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு போலத் தகடு எழும்பி நிற்கும். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரே பெயர்தான், படகு கார்.

போடிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்து பங்களாவில், தகரக் கொட்டகைக்குள் பல வருஷமாகக் கிடந்தது. நான் முதலில் பார்த்தபோது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அது எழவில்லை. தோட்டத்துக்காரர், "குஞ்சு பொரிச்சதும் எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்படியே மூன்று வாரம் காத்திருந்து எடுத்தேன்.

லாரியில் ஏற்றிக் கயிற்றால் கட்டி மலையிலிருந்து இறக்கியது தனிக் கதை. கொண்டை ஊசி வளைவு எதிலும் ஒரே மூச்சில் திரும்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னே பின்னே என்று நாலு தடவை. எதிரே வந்த ஜீப்புக்காரர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது எனக்குத் தேனியில் லாரி உதிரிபாகக் கடை. இரும்போடு புழங்குகிறவன். ஆனாலும் அந்த வண்டியை ஓட வைத்தது நான் இல்லை. உத்தமபாளையம் மெக்கானிக் சிக்கந்தர் பாய். மூன்று வருஷம் வேலை பார்த்தார். பிரேக்குக்கு லாரி லைனிங்கை அறுத்து ஒட்டினார். வாட்டர் பம்பை மதுரை லேத்தில் கடைந்து வாங்கி வந்தார். இஞ்சின் முதன்முதலாகப் பிடித்த அன்று, பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, மூச்சு விடுற மாதிரிதான் இருக்கு. சத்தமே இல்ல" என்றார்.

சோபா

அந்த வண்டியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். முன் சீட்டு இரண்டாகப் பிரிந்திருக்காது. ஒரே நீளச் சோபா. கதவைச் சாத்தினால் 'தொப்' என்று கனமாக ஒரு சத்தம், அதற்கப்புறம் வெளியே இருக்கும் ஊர் வேறு ஊர். ஸ்டியரிங் வளையம் மெல்லிசாக, முறத்தளவு இருக்கும். ஒரே விரலால் திருப்பலாம். ரேடியோ சூடாகிப் பாட ஒரு நிமிஷம் ஆகும். சின்னமனூர் ரோட்டில் அப்போது இருந்த குழிகளில் மற்ற வண்டிகள் குதித்துக்கொண்டு போகும். இது லேசாக ஒரு தடவை அமுங்கி எழும், அவ்வளவுதான்.

வெயிலில் நின்றால் ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும். என் மனைவி கிரேஸுக்கு அது தலைவலி. எஸ்தருக்கு அதுதான் அப்பா வாசனை. சோபாவின் நடுவில், எங்கள் இருவருக்கும் இடையே உட்கார்ந்துதான் அவள் வளர்ந்தாள். சனிக்கிழமை தோறும் பல்பொடியும் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொண்டு பம்பரைத் தேய்ப்பாள். அதில் அவள் முகம் அகலமாகத் தெரியும். அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் திரும்பாது. கேட்டுத் தூணை இரண்டு முறை இடித்துக் கட்டினேன். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு ரோட்டோரம் காத்திருக்க வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் ரப்பர் குழாய்கள் வேறு கரைந்துபோகின்றன. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர்களிடம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தேனியிலிருந்து கூடலூர் வரை யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வண்டி கேட்டு வருவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று நான் பார்த்ததில்லை. வாடகை வாங்கியதும் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போவேன். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பெண்கள் அந்தப் பின் சீட்டில் அழுதுகொண்டே புகுந்த வீட்டுக்குப் போனார்கள் என்று கணக்கு இல்லை. "என் மகளையும் இதுலதான் அனுப்புவேன்" என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்லுவேன்.

யார் வீட்டுக்கு அனுப்புவேன் என்பதை மட்டும் நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

நான் சொன்னது

எஸ்தர் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அந்தப் பள்ளியின் போர்வெல் மோட்டாரைச் சரிபார்க்க வந்தவன் முத்துக்குமார். திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டு நீர்க் குழாய் போடுகிற வேலையும் செய்தான். நாங்கள் கிறிஸ்தவர்கள், அவன் இந்து. ஆனால் உண்மையில் அதுவும் ஒரு சாக்குதான். அவன் போட்டிருந்த கிரீஸ் படிந்த சட்டையை வைத்தே நான் அவனை வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அவள் என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷெட்டில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். கிரேஸ் வாசலில் நின்றாள். முன்னமே தெரிந்திருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அதில் இன்னும் கோபம் ஏறியது.

நான் பானெட்டில் ஓங்கி அடித்துச் சொன்னேன்.

"அவனோட போனேன்னு வையி, இந்த வண்டிய ஏத்தியே ரெண்டு பேரையும் நசுக்கிப் போட்ருவேன். ஏன்னு எவனும் கேக்க மாட்டான்."

அப்படியே எழுதிவிட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கோபத்தில் வந்த வார்த்தை என்று கிரேஸிடம் பிறகு பல தடவை சொன்னேன். எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லிவிட்டுச் செய்தும் காட்டிய அப்பன்கள் உண்டு என்பது எஸ்தருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒன்பதாவது நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அனுமந்தன்பட்டிக் கல்யாணம்

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் நான் வண்டியை வெளியே எடுக்கவில்லை. அனுமந்தன்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால் போக வேண்டியதாயிற்று.

பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறியாயிற்று. பொண்ணின் அப்பா விவசாயி. ஜன்னலுக்குள் குனிந்து மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, பாத்து மெதுவாப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது என்னால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் கேட்டேன். "எங்கன இருக்கா?"

கிரேஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்குக் கேக்குறீக?"

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துர்றேன். சத்தியமா."

அப்போதுதான் சொன்னாள். ஓடைப்பட்டியில் தெரிந்தவர் தோட்டத்து பம்ப்செட் அறை. போன் நம்பரை மாற்றிவிட்டார்கள். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி மூலமாகத்தான் செய்தி வரும், போகும்.

"நாளைக்கு நான் அந்த டீச்சரப் பாத்துச் சொல்லிர்றேன். அவ போயிச் சொல்லட்டும். மறுநா நாம ரெண்டு பேருமா பஸ்ல போவோம்" என்றாள்.

"பஸ்லயா? என் மகளக் கூப்பிட பஸ்லயா போவேன்? நீ வீட்டுல சோத்த ஆக்கி வையி. காலையில நான் போயிக் கூட்டியாந்துர்றேன்."

"சொன்னாக் கேளுங்க. அந்த வண்டியில மட்டும் போகாதீக. அத வச்சுத்தான அவளச் சொன்னீக."

"அது அவ வண்டி" என்றேன்.

விடிந்ததும் கழுவினேன். மல்லிகை கட்டினேன். பம்பரைப் பல்பொடி போட்டு நானே தேய்த்தேன். கிரேஸ் கேட் வரைக்கும் வந்தாள். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். வண்டிக்குள் உட்கார்ந்தால் வெளியே பேசுவது கேட்காது.

பகல் முழுக்க

இனி அந்த பம்ப்செட் அறைக்கு வருகிறேன்.

கடைக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வாசல் படியில் உட்கார்ந்தேன். தோட்டத்துக்குள் வரும் மண்பாதை நேராக, நீளமாகக் கிடந்தது. அதில் அந்த வண்டி புழுதி கிளப்பி வருவது எவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

"நம்ம படகு காருல்ல இது! யாரு கல்யாணம்ணே?"

பிறகு பைக்கில் நாலு பேர். ஆட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளும் கையுமாக வந்தார்கள். எனக்கும் பேச ஆள் கிடைத்தது. மனசில் பாரம் இருந்தாலும், வண்டியைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. பானெட்டைத் திறந்து காட்டினேன். கதவைச் சாத்தச் சொல்லிச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். ஒருத்தர் மீன் துடுப்பைத் தடவிப் பார்த்து, "ஏலே, எம்புட்டு நீளம்டா" என்றார்.

வெயில் ஏறியது. ஊருக்குள் போய் விசாரிக்கலாம் என்று வண்டியை எடுத்தேன். பிடிக்கவில்லை. பெட்ரோல் ஆவியாகியிருந்தது. சாக்கை நனைத்துப் போட்டேன். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததில் பேட்டரியும் இறங்கியது. சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் வந்து சேரும்போது சாயங்காலம் மணி மூன்று. அதுவரை அந்தக் கூட்டமும் என்னோடுதான் நின்றது. தள்ளிப் பார்த்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். நல்லவர்கள்.

பாய்தான் கேட்டார். "அண்ணே, இத்தன பேரு எதுக்கு வந்துருக்காக?"

"வண்டி பாக்க."

அவர் அறையைப் பார்த்தார். கொடியில் காய்ந்துபோன சுடிதாரைப் பார்த்தார். சாத்தாத கதவைப் பார்த்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். மல்லிகை கருகியிருந்தது. சாயங்காலம் நான் மட்டும் வீடு திரும்பினேன்.

கிரேஸ் மூன்று பேருக்கு இலை நறுக்கி வைத்திருந்தாள். எஸ்தருக்கு, அவனுக்கு, எனக்கு. நான் வண்டியை விட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, இலைகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் அந்த டீச்சரோடு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அறை அப்படியே திறந்து கிடந்ததாம். சட்டியில் சோறு புளித்திருந்ததாம்.

கிரேஸ்

அதற்கப்புறம் கிரேஸ் அந்த வண்டியில் ஏறவே இல்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. சர்ச்சுக்கு நடந்து போவாள். தூரம் என்றால் ஆட்டோ. மூன்றாவது வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து மதுரைக்கும் தேனிக்குமாக அலைந்தோம். படுத்துக்கொண்டு போக அந்தப் பின் சீட்டைப் போல வசதி எதிலும் இல்லை. கெஞ்சினேன்.

"வேண்டாங்க" என்றாள். "நான் உக்காந்தே வாரேன்."

அந்த வருஷம் போகும் முன்னே அவள் போய்விட்டாள். எஸ்தருக்குச் சொல்ல வழி தெரியவில்லை. டீச்சருக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து கேரளா நம்பரிலிருந்து ஒரு போன். எடுத்தேன். எஸ்தர்தான். யார் மூலமோ செய்தி போயிருக்கிறது. "அம்மாவ எங்கன வச்சிருக்கீக?" என்றாள். நான் கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசை, எந்த மரத்துப் பக்கம் என்று சொன்னேன். வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சிலுவையில் ஒரு மாலை கிடந்தது. அப்போதே வாடியிருந்தது.

கட்டப்பனை

அந்த நம்பரை நான் அழிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். எடுப்பாள். நலமா என்றால் நலம் என்பாள். போன வருஷம்தான், பேரனுக்கு எட்டு வயசு என்று சொன்னாள். அவனைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க" என்றாள்.

பஸ்ஸில் போனேன். குமுளி வழியாகக் கட்டப்பனை. மாப்பிள்ளை அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு மோட்டார் வேலை பார்க்கிறார். நான் போன நேரம் அவர் வேலைக்குப் போயிருந்தார். பேரன் மலையாளத்தில் எதையோ கேட்டுவிட்டு விளையாட ஓடினான். எஸ்தர் பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். தலையில் நரை எட்டிப் பார்த்தது.

நானாகக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"வண்டிப் புழுதியப் பாத்ததுமே ஓடிட்டோம்பா. பந்தலுக்குப் பின்னாடி காஞ்சு கெடந்த ஓடைக்குள்ள போயிப் படுத்துக்கிட்டோம். நீங்க போயிருவீகன்னு பாத்தோம். போகல. பத்துப் பதினஞ்சு பேரு நின்னாக. கையில அருவா வச்சிருந்தாக."

"அவுக புல்லறுக்க வந்தவுக ஆத்தா. வண்டி பாக்க வந்தாக. நான் பூவெல்லாம் கட்டிட்டு வந்தேன். உங்க ரெண்டு பேரையும் கூப்பிடத்தான்..."

"மூணு மணிக்கு பைக்குல இன்னொரு ஆளு வந்தாரு. அதுக்கப்புறந்தான், இனி இங்கன இருக்க முடியாதுன்னு ஓடை வழியாவே மெயின் ரோட்டுக்கு நடந்துட்டோம்."

"அது சிக்கந்தர் பாய்ம்மா. வண்டி நின்னு போச்சு. அதான்..."

நான் விளக்கிக்கொண்டே போனேன். பெட்ரோல் ஆவியானதை, பேட்டரி இறங்கியதை, ஈரச்சாக்கை. அவள் தம்ளரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்றாள்.

விற்றது

திரும்பி வந்து ஒரு வாரம் தூங்கவில்லை. எல்லாம் இந்த வண்டியால் வந்தது என்று தோன்றியது. பஸ்ஸில் போயிருந்தால், ஒரு ஸ்கூட்டரில் போயிருந்தால். கோயம்புத்தூரில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வரச் சொன்னேன்.

லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சிக்கந்தர் பாய் வந்து நின்றார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். லாரி தெருமுனையில் திரும்பும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அன்றைக்கே எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"வித்துட்டேன் ஆத்தா."

"எத?"

"வண்டிய."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். "ஏன்ப்பா?"

"அத பாத்துத்தான நீ பயந்த?"

"வண்டிக்கா பயந்தேன்?" என்றாள்.

கோபமே இல்லாமல் கேட்டாள். நான் பதில் சொல்வதற்காக அவள் காத்திருந்தது தெரிந்தது. பிறகு, "பையன் ட்யூஷனுக்குக் கெளம்புறான்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே மறுபடி பஸ் ஏறினேன். கட்டப்பனையில் இந்த முறை மாப்பிள்ளை வாசலில் இருந்தார். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எங்களுக்குள் அதுவரை ஒரு வார்த்தை பேச்சு நடந்ததில்லை.

"மாப்ள, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு. உங்ககிட்டயும் அவகிட்டயும் அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அன்னைக்கு ஓடைக்குள்ள ஆறு மணி நேரம் படுத்துக் கெடந்தோம்" என்றார். "எனக்கு உசுரு கையில இல்ல. எஸ்தரு அழுதுக்கிட்டே இருந்துச்சு. பயத்துல அழுகுதுன்னுதான் நெனச்சேன். மத்தியானம் போலக் கேட்டேன். 'எங்கப்பா தொப்பி கூட இல்லாம வெயில்ல நிக்கிறாரு'ன்னு சொல்லி அழுதுச்சு."

உள்ளே திரும்பி அவளைக் கூப்பிட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து நிழலில் போட்டார்.